விபத்தில்லாத நாட்களை எண்ணும் பலகை

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஓசூர் சிப்காட் என்று எந்தப் பக்கம் போனாலும், கொஞ்சம் பெரிய கம்பெனியாக இருந்தால் செக்யூரிட்டி ரூமைத் தாண்டியதும் ஒரு பச்சைப் பலகை நிற்கும். கடைசியாக விபத்து நடந்த தேதி, அதற்கப்புறம் விபத்தில்லாமல் ஓடிய நாட்கள், இதுவரை எட்டிய அதிகபட்சம். பழைய கம்பெனிகளில் தினமும் காலையில் ஒருத்தர் சாக்பீஸால் எண்ணை மாற்றுவார், இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தால் முதல் போட்டோ அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான். மெயின்டனன்ஸ் வேலையிலேயே தலை நரைத்துப்போன எனக்கு அந்தப் பலகை மேல் ரொம்ப நாளாக ஒரு கோபம் உண்டு. இன்றைக்கு அதைக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

பலகையில் எண் பெரிசாகப் பெரிசாக எல்லாருக்கும் சந்தோஷம்தான். 500 நாள் ஆனால் ஸ்வீட் பாக்ஸ், 1000 நாள் ஆனால் டி-ஷர்ட்டோ குக்கரோ. மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினத்தன்று கொடியேற்றி, உறுதிமொழி எடுத்து, கோலப்போட்டி வாசகப்போட்டி எல்லாம் நடத்தி, அந்த எண்ணைச் சொல்லிக் கைதட்டுவார்கள். இதெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் 970-ஆவது நாளில் ஒருத்தருக்கு விரல் நசுங்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மொத்த ஷிஃப்டும் அவரை எப்படிப் பார்க்கும்? முப்பது நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்பதைப் போலத்தான்.

தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்து, இன்றைய சட்டத் தொகுப்பிலும் தொடரும் விதிப்படி, அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் இன்ஸ்பெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். சட்டம் போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். நம் ஆட்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்றால், 48 மணி நேரத்துக்குள் ஆளை எப்படியாவது கேட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில், இடது கையில் மாவுக்கட்டோடு ஒருத்தர் ஸ்டோர்ஸ் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது கையால் கேட் பாஸ் நம்பர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். யாருக்கும் தேவைப்படாத நோட்டு. ஏம்ப்பா, வீட்டுல ரெஸ்ட் எடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். "வரலைன்னா போர்டு ஜீரோ ஆயிடுமாம் சார், கார் அனுப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க" என்றார். அந்த ஆள் அதுவரை தன் சம்பளத்தில் கார் ஏறியதே இல்லை என்று பக்கத்திலிருந்தவர் சொல்லிச் சிரித்தார். இது நிரந்தரத் தொழிலாளியின் கதை. கான்ட்ராக்ட் ஆள் என்றால் கார்கூட வராது. தெரிந்த கிளினிக்கில் தையல் போட்டு, கையில் ஏதாவது கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் பலகை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஈ.எஸ்.ஐ.க்குப் போனால் விபத்து என்று பதிவாகிவிடுமே, அதனால் அந்தப் பக்கமே விடமாட்டார்கள். அந்த ஆளுக்கு நாளைக்கு ஊனச் சலுகை கேட்க ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு எதில் உட்கார்ந்தாலும் ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அல்கோவா, அமெரிக்காவின் பெரிய அலுமினியக் கம்பெனி. 1987-இல் பால் ஓ'நீல் என்பவர் அதற்குத் தலைவராக வருகிறார். நியூயார்க்கில் முதலீட்டாளர்களோடு முதல் கூட்டம். லாபம், புதிய சந்தை என்று ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருக்க, மனிதர் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்து, காயமே இல்லாத கம்பெனியாக ஆக்கப் போகிறேன் என்றார். தீப்பிடித்தால் இந்த அறையிலிருந்து எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று வேறு காட்டினார். கூட்டம் முடிந்ததும் பங்கை விற்கச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு போன் போட ஓடியவர்களும் உண்டு. அவர் 1999-இல் தலைமைப் பொறுப்பை விட்டு இறங்கும்போது கம்பெனியின் மதிப்பு பல மடங்கு. 2001-இல் அமெரிக்காவின் நிதி அமைச்சரும் ஆனார்.

பயிற்சி கொடுப்பவர்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா, பாதுகாப்பாக இருந்தால் லாபம் வரும் என்பார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடிக்காத பகுதியே இதுதான். பங்கு விலை ஏற ஆயிரம் காரணம் இருக்கும், அலுமினிய விலை இருக்கிறது, வாங்கிச் சேர்த்த கம்பெனிகள் இருக்கின்றன. ஓ'நீலே பின்னாளில் தன் உரைகளில், பாதுகாப்பால் எவ்வளவு பணம் மிச்சமானது என்று கணக்குப் போட்டுக் காட்டும் நிதித்துறை ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்ததாகச் சொல்வார். ஒருமுறை அதைப் பணக் கணக்காக ஆக்கிவிட்டால், அடுத்த வருஷம் பணம் முடையாகும்போது அதே கணக்கு திரும்பிக் கடிக்கும். இது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பயிற்சியாளர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வந்து ஆறு மாதத்தில் நடந்த ஒரு சாவு. அரிசோனாவில் ஒரு எக்ஸ்ட்ரூஷன் பிரஸ், அதாவது அலுமினியத்தைப் பிதுக்கி நீளநீளமாக எடுக்கும் இயந்திரம். அதில் ஒரு துண்டு சிக்கிக்கொண்டு ஓட்டம் நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு பையன் மஞ்சள் தடுப்பைத் தாண்டி இயந்திரக் குழிக்குள் இறங்கி, சிக்கிய துண்டை எடுத்துவிட்டான். இயந்திரம் உடனே உயிர் பெற்றது, அதன் கை சுழன்று வந்து தலையில் அடித்தது. பையன் அங்கேயே போய்விட்டான். நம் ஊராக இருந்தால் அறிக்கை எழுத இரண்டே நிமிடம்தான்: 'தொழிலாளியின் கவனக்குறைவு. பாதுகாப்புத் தடுப்பைத் தாண்டியுள்ளார். அனைவருக்கும் மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது.' ஓ'நீல் மேலதிகாரிகளை எல்லாம் கூட்டி வைத்து, இந்த மனிதரை நாம்தான் கொன்றோம், என் தலைமையின் தோல்வி இது, உங்கள் எல்லாருடைய தோல்வியும்தான் என்றார். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். பையன் தடுப்பைத் தாண்டியதை மேலாளர்கள் பார்த்திருக்கிறார்கள், தடுக்கவில்லை. குழிக்குள் ஆள் இறங்கினால் இயந்திரம் தானாக நிற்கும்படி சென்சார் இல்லை. பழுது பார்க்கும் முன் மேலாளரைக் கூப்பிடு என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த விஷயம்தான்: லைன் நின்றுபோனால் உன்மேல் பழி வராது என்று பயிற்சியில் அந்தப் பையனுக்கு அழுத்திச் சொல்லப்படவே இல்லை.

ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிஃப்ட் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிரேக்டவுன் ஆன அடுத்த நிமிடத்தில் சூப்பர்வைசர் வந்து இடுப்பில் கைவைத்து நிற்பார். ஐந்தாவது நிமிடத்தில் புரொடக்ஷன் மேனேஜர் போன். பத்தாவது நிமிடத்தில் யார் ஆபரேட்டர், எந்த காலேஜ் என்ற விசாரணை. அந்த அவசரத்தில் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை பார் என்பது எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த விதிதான். கடைப்பிடிக்க எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருக்கும்? பூட்டுப் போட்டு எடுப்பதற்குள் லைன் நின்ற நேரம் இன்னும் கூடுமே.

ஓ'நீல் செய்த ஏற்பாடு கேட்க ரொம்பச் சாதாரணம். யாருக்குக் காயம் பட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரிவின் தலைவரே அவருக்குச் சொல்ல வேண்டும், மறுபடி நடக்காமல் இருக்க என்ன திட்டம் என்பதோடு. 24 மணி நேரத்தில் மேலே சொல்ல வேண்டுமென்றால் கீழே இருக்கும் ஆள் அரை மணியில் தனக்கு மேலுள்ளவரிடம் சொல்லியாக வேண்டும். ஆக, கெட்ட செய்தி மேலே ஏறுவதற்கு ஒரு பாதை விழுந்தது. அதோடு விடாமல், உங்கள் மேலாளர் பாதுகாப்பு விஷயத்தில் அசட்டையாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று தன் வீட்டு போன் நம்பரைத் தொழிலாளர்களிடம் கொடுத்திருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு பற்றி மட்டும் பேசவில்லை, இந்த வேலையை இப்படிச் செய்தால் நல்லா இருக்குமே என்ற யோசனைகளும் அந்த வழியாகவே வந்திருக்கின்றன. அல்கோவா அவர் வரும் முன்பே பாதுகாப்பில் மோசமான கம்பெனி இல்லை, அமெரிக்கச் சராசரியை விட நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் ஆட்கள் சராசரியைத் தொட்டதுமே கோப்பை வாங்கப் போய்விடுவார்கள்.

1996-இல் நடந்ததைப் பயிற்சி வகுப்புகளில் அதிகம் சொல்வதில்லை. பங்குதாரர்கள் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, மெக்சிகோவில் சியுதாத் அகூன்யா என்ற ஊரில் இருக்கும் உங்கள் ஆலையில் தொழிலாளர்கள் புகையில் மயங்குகிறார்கள், நீங்கள் சொல்வதெல்லாம் பொய் என்றார். விசாரித்தால், அங்கே வாயு தேங்கிச் சிலருக்கு உடம்பு முடியாமல் போனது உண்மை. பொறுப்பிலிருந்த அதிகாரி காற்றுப்போக்கிகள் வைத்துச் சரிசெய்தும் விட்டார், ஆட்களும் தேறிவிட்டார்கள். ஆனால் தலைமைக்குச் சொல்லவில்லை. வியாபாரத்தைப் பெரிய அளவில் வளர்த்துக் கொடுத்த மூத்த அதிகாரி அவர். வேலையை விட்டு அனுப்பினார்கள். பிரச்சினையைத் தீர்த்தவரை, மறைத்ததற்காக! நம் பக்கம் இப்படி ஒருத்தர் இருந்தால், 'சத்தமில்லாமல் முடித்துவிட்டாரே' என்று பதவி உயர்வுதான் கொடுத்திருப்பார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் வருகிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி, பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை. 2004-ஆம் ஆண்டு அந்த ஆலையின் வரலாற்றிலேயே காயங்களின் விகிதம் மிகக் குறைவு, அந்தத் துறையின் சராசரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பலகை வைத்திருந்தால் பளபளவென்று மின்னியிருக்கும். அதே ஆண்டு அதே ஆலையில் 3 பேர் வெவ்வேறு சம்பவங்களில் இறந்திருந்தார்கள் என்பது வேறு கதை.

2005 மார்ச் 23. பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்த ஒரு யூனிட்டை மறுபடி ஓட்டத் தொடங்குகிறார்கள். 170 அடி உயரக் கோபுரம், அதன் அடியில் கொஞ்சம் எண்ணெய்தான் நிற்க வேண்டும். இரவு ஷிஃப்ட்காரர்கள் அடிப்பகுதியை நிரப்பி நிறுத்திவிட்டுப் போனார்கள், லாக் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு. காலையில் வந்தவர்கள் மேலும் நிரப்பினார்கள். எண்ணெய் வெளியேற வேண்டிய வால்வு மூடியே இருந்தது. மட்டம் காட்டும் கருவி அடிப்பகுதியில் சில அடிகளைத்தான் அளக்கும், அதற்கு மேல் போனால் அதற்குத் தெரியாது. கன்ட்ரோல் ரூமில் மட்டம் சுமார் 8 அடி, மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது என்று காட்டிய நேரத்தில் உண்மையில் உள்ளே 158 அடி நின்றது. மட்டம் அதிகமானால் அலற வேண்டிய தனி அலாரம் ஒன்று அலறவில்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் வீட்டில் அவசரம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார், மாற்று ஆள் போடவில்லை. கன்ட்ரோல் ரூமில் இருந்த ஒரே ஆபரேட்டர் மூன்று யூனிட்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். அங்கே சிலர் தினம் 12 மணி நேரம் என்று தொடர்ந்து 29 நாளுக்கு மேல் வேலை பார்த்து வந்தார்கள்.

கோபுரம் நிரம்பி, பொங்கி, பழங்காலத்துப் புகைக்கூண்டு மாதிரியான ஒரு குழாய் வழியாக நேரே வெளியே பீய்ச்சியது. அந்த இடத்தில் எரித்து விடும் ஃபிளேர் அமைப்பு வைத்திருக்க வேண்டும், வைக்கலாம் என்று முன்பே பேச்சு எழுந்து எழுந்து அடங்கியிருக்கிறது. பக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டு நின்ற ஒரு டீசல் வண்டி அந்த ஆவி மேகத்தைப் பற்ற வைத்திருக்கும் என்பது விசாரணையின் முடிவு. 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேருக்குக் காயம். இறந்த 15 பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். அந்த யூனிட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. வேறொரு யூனிட்டின் பராமரிப்புக்காக வந்தவர்களுக்கு அந்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 120 அடி தூரத்தில் தற்காலிக டிரெய்லர் அறைகளைக் கொண்டுபோய் நிறுத்தி வைத்திருந்தார்கள். யூனிட்டை இன்று தொடங்குகிறோம், எழுந்து போங்கள் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மதியம் ஒரு விருந்து. ஒரு மாதமாக வேலை நாள் இழப்புக் காயம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கொண்டாடும் சாப்பாடு. அது முடிந்து ஆட்கள் டிரெய்லருக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில், மணி ஒன்றேகால் தாண்டி வெடித்தது.

இதை நான் முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் பலகையைத்தான் நினைத்துக்கொண்டேன். அமெரிக்க ரசாயன பாதுகாப்பு வாரியம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையும் அதைத்தான் சொன்னது: காயங்களின் விகிதம் குறைவாக இருந்ததை நம்பி உட்கார்ந்ததால் ஆலையின் உண்மை நிலை தெரியாமல் போனது. வெடிப்புக்குச் சில வாரங்கள் முன்பு, அந்த ஜனவரியில்தான், வெளியாட்களை வைத்து அங்கே ஒரு கருத்துக் கணிப்பு எடுத்திருந்தார்கள். பெரிய விபத்து நடக்கப் போகிறது என்ற பயம் தொழிலாளர்களிடம் அசாதாரணமான அளவில் இருக்கிறது என்று அதில் வந்திருந்தது. ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. தாளிலும் ஏறியிருக்கிறது. மேலே 25 சதவீதம் செலவைக் குறை என்ற உத்தரவு ஏற்கெனவே இறங்கியிருந்தது.

ஐந்து வருஷம் கழித்து 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மிதவை. அன்று மேலதிகாரிகள் சிலர் ஹெலிகாப்டரில் அந்த மிதவைக்கு வந்திருந்தார்கள், ஏழு வருஷமாக வேலை நாள் இழப்பு இல்லாததைப் பாராட்டவும் சேர்த்து. அன்றிரவே வெடித்து 11 பேர் இறந்தார்கள். மிதவையின் சொந்தக்காரரான டிரான்ஸோஷன் அடுத்த ஆண்டு தன் அறிக்கையில், பாதுகாப்பில் எங்கள் வரலாற்றிலேயே சிறந்த ஆண்டு இது என்று எழுதி அதிகாரிகளுக்கு போனஸும் கொடுத்தது. ஊர் காறித் துப்பியதும் அந்தப் பணத்தை இறந்தவர்களின் குடும்பங்களுக்கான நிதிக்குத் திருப்பிவிட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் அவர்கள் சொன்னது பொய்யில்லை, விகிதம் குறைவாகத்தான் இருந்தது. அந்த மாதிரிக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

படியில் தடுக்கி விழுவதும் கோபுரம் வெடிப்பதும் ஒரே பலகையில் எழுதக்கூடிய சமாசாரம் இல்லை. கைப்பிடியைப் பிடித்து இறங்கு, காபி டம்ளருக்கு மூடி போடு, ஹெல்மெட் பட்டையை மாட்டு என்பதெல்லாம் சரி, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் போபாலில் 1984 டிசம்பரில் டேங்கில் இருந்த மீதைல் ஐசோசயனேட்டைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரத்தை மாதக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள், வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்தது. அந்த இரவில் தொழிலாளி ஹெல்மெட் போட்டிருந்தால் என்ன, போடாவிட்டால் என்ன? அந்தச் சாவுகளுக்கு அப்புறம்தான் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயமே சேர்த்தார்கள். தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லும் உரிமை எல்லாம் அப்போது வந்தவை. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020-இன் புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. குழுவின் கூட்டக் குறிப்பில் மட்டும் கையெழுத்து வாங்கிப் போகும் கம்பெனிகளும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு சங்கதி, பலகை சுத்தமாக இருப்பதற்குச் சுலபமான வழி ஆபத்தை வெளியே தள்ளிவிடுவது. பெரிய கம்பெனி கார் செய்யும். அதற்கு பாகம் கொடுப்பவர் ஒருவர், அவருக்கு பிராக்கெட் அடித்துக் கொடுப்பவர் இன்னொருவர், அவர் பின்தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ் நாலு வைத்திருப்பார். ஹரியானாவில் ஃபரிதாபாத், மானேசர் பக்கம் விரல் இழந்த தொழிலாளர்களைச் சந்தித்து சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு வருஷாவருஷம் அறிக்கை போடுகிறது. அதில் பாதிக்குப் பாதி கதை பவர் பிரஸ்தான்.

அப்படி ஒரு பின்தெரு ஷாப்பில் டை, அதாவது பிரஸ்ஸின் அச்சு, பிரச்சினை என்று என்னை அனுப்பினார்கள். பிரஸ்ஸில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்குப் பட்டன் இருக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் ரேம், அதாவது மேலிருந்து அடிக்கும் பகுதி, இறங்க வேண்டும், அப்போதுதான் கை டைக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இடது பட்டனின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. ட்யூப் பழசாகி வெடித்து, அதன்மேல் புது ட்யூபும் சுற்றியிருந்தார்கள். ஆபரேட்டர் இடது கையால் தகட்டை உள்ளே வைத்துக்கொண்டே வலது கையால் தட்டிக்கொண்டிருந்தார், தடக் தடக் என்று, தாளம் தப்பாமல். ஏன்ப்பா இப்படி என்றால், "ரெண்டு கையும் எடுத்து எடுத்து அமுக்கினா எண்ணிக்கை வராதுண்ணே" என்றார். புது கன்ட்ரோல் என்றால் ஒரு பட்டனைக் கட்டி வைத்தால் இயந்திரம் அடிக்கவே அடிக்காது, ஒவ்வோர் அடிக்கும் இரண்டையும் விட்டு எடுக்க வேண்டும். இது பழைய பின் கிளட்ச் பிரஸ், ஒருமுறை பிடித்தால் நடுவில் நிற்கவும் நிற்காது. இதற்கு, கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிரால் கண்டுபிடிக்கும் லைட் கர்ட்டன் மாட்டினாலும் பிரயோஜனமில்லை, சிக்னல் போகும், ரேம் இறங்கிவிடும். கிளட்ச் தேய்ந்தால் தானாக இன்னொரு அடி வேறு அடிக்கும்.

முதலாளியிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, அவரே ஒரு காலத்தில் அதே பிரஸ்ஸில் நின்றவர். வலது கையின் சுண்டு விரலில் பாதி இல்லை. "தடுப்புக் கார்டு போட்டு, கிளட்ச் மாத்தி, மணிக்கு இவ்வளவுதான்னு ஓட்டணும்னா பீஸுக்கு எவ்வளவு ஏத்தணும் தெரியுமா சார், உங்க பர்சேஸ்ல போய்ச் சொல்லுங்க, அவங்க வருஷம் ரெண்டு சதவீதம் குறைக்கச் சொல்றாங்க" என்றார். பர்சேஸ் ஆட்களும் எங்கள் கேட் வழியாகத்தான் தினமும் நுழைகிறார்கள், அந்தப் பச்சைப் பலகையைத் தாண்டித்தான். திரும்பி வந்து எழுதிக் கொடுத்தேன், ஆடிட் பட்டியலில் ஒரு கேள்வி கூடியது. விலை கூடவில்லை.

நியர் மிஸ் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிபடாமல் தப்பித்த சம்பவங்களை எழுதிப் போடச் சொல்லும் பெட்டி. யோசனை அருமையானது. அதை ஆளுக்கு மாதம் இரண்டு என்று டார்கெட்டாக ஆக்கினார்கள் பாருங்கள், அங்கேதான் செத்தது. மாதக் கடைசியில் டீ பிரேக்கில் உட்கார்ந்து எல்லாரும் 'தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது, துடைக்கப்பட்டது' என்று எழுதுவார்கள். ஒரு மாதம் எங்கள் லைனில் சிந்தியதாகப் பதிவான எண்ணெயைச் சேர்த்தால் ஒரு பேரல் தேறும். நிஜமாகப் பயமுறுத்திய விஷயத்தை யாரும் எழுதமாட்டார்கள், எழுதினால் 'அங்கே நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நல்லதையும் பார்த்திருக்கிறேன், இல்லையென்றால் இவ்வளவு எழுதவே மாட்டேன். வேறொரு இடத்தில், கிரேனில் டை ஏற்றும்போது கீழே நின்ற ஒரு கான்ட்ராக்ட் ஹெல்பர், பிகாரிலிருந்து வந்த பையன், சத்தம் போட்டு நிறுத்திவிட்டான். டையைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கில் இரண்டு இழை பிரிந்திருப்பது அவன் கண்ணில் பட்டிருக்கிறது. வேறு ஸ்லிங் தேடி எடுத்து ஏற்றுவதற்குள் டை மாற்றும் நேரம் எக்கச்சக்கமாகப் போய், அன்றைய லோடு லாரியே தாமதம். எல்லாரும் திட்டு விழும் என்று காத்திருந்தார்கள். மறுநாள் காலை மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் அந்த அறுந்த ஸ்லிங்கை மேஜை மேல் போட்டு, இது கடைசியாக எப்போது செக் செய்யப்பட்டது என்று எங்களைக் கேட்டார். அப்புறம் கிரேன் பே வரைக்கும் நடந்து போய், தெரிந்த அரைகுறை இந்தியில் எல்லார் முன்னாலும் அந்தப் பையனுக்கு நன்றி சொன்னார். அவ்வளவுதான், பரிசு கிரிசு எதுவும் இல்லை. அடுத்த சில வாரங்களில் ஷாப் ஃப்ளோரிலிருந்து வந்த புகார்களைப் பார்க்க வேண்டுமே! கார்டு ஆடுகிறது, எமர்ஜென்சி பட்டன் ஒட்டிக்கொள்கிறது, ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ் ஹாரன் அடிப்பதில்லை. எங்களுக்கு வேலை முதுகை ஒடித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து, உங்கள் பிளான்ட்டில் மட்டும் ஏன் சம்பவங்கள் திடீரென்று கூடின, விளக்கம் தேவை என்று மெயில் வந்தது. அந்த மனிதர் பதிலில் ஒரே வரி எழுதினார்: முன்பும் நடந்தன, இப்போது சொல்கிறார்கள்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று சொந்தக்காரப் பையன்கள் போன் போட்டுக் கேட்பார்கள். சம்பளம், பஸ், கேன்டீன் எல்லாம் அவர்களே விசாரித்து வைத்திருப்பார்கள். நான் சொல்வது இன்னொன்றையும் விசாரி என்றுதான். அங்கே கடைசியாக லைனை நிறுத்தியது யார், எதற்காக நிறுத்தினார், அதற்கப்புறம் அவருக்கு என்ன ஆனது, இன்னும் அதே லைனில் இருக்கிறாரா? இதை இன்டர்வியூவில் ஹெச்.ஆரிடம் கேட்டுவிடாதீர்கள், அங்கே எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போங்கள்.